உப்புக் கை

மொதல்ல அந்த உறையக் கழட்டுங்க சார். உங்களத்தான். கோவிச்சுக்காதீங்க, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல. நீங்க வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்ததுலேருந்து பாக்குறேன், ரெட்டைக்குழல் துப்பாக்கியத் தோலுறைக்குள்ள போட்டு, ஜிப்ப வேற இழுத்து மூடி மடியில வச்சிருக்கீங்க. தோலு இருக்கே, அது மாடு செத்த பின்னாடியும் தண்ணி குடிக்கிற சாமான். காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து இழுத்து இரும்புக்கு ஊட்டிக்கிட்டே இருக்கும். வெளிய எடுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான் உறை, வீட்டுல போட்டு வைக்கிறதுக்கு இல்ல. எத்தனை வருசமா இதுக்குள்ளயே கெடக்கு? அப்பா காலத்துலேருந்தா? அப்பா எங்க? ஓ, தவறிட்டாரா. சரி. அதுக்கு நான் என்ன சொல்ல. கழட்டுங்க, காத்தாடட்டும்.

எனக்கு ஊரு போடி. பேரு ஜக்கையன். மலைமேல கொஞ்சம் ஏலக்காத் தோட்டம் இருக்கு. எழுபது தாண்டிருச்சு, நெஞ்சுல தையல் போட்ட ஆளு. இந்த மதுரைத் துப்பாக்கிக் கடைக்கு எங்கப்பா காலத்துலேருந்து வர்றேன். அப்ப இப்பக் கடை நடத்துற சிக்கந்தர் பாயோட அத்தா இருந்தாரு. பாய் உங்களக் கூப்பிட இன்னும் நேரமாகும். உள்ள தென்காசி டாக்டர் ஒருத்தரு இருக்காரு, என்னோட பிஸ்டலைப் பாக்க வந்திருக்காரு. பிடிச்சா வாங்கிக்குவாரு. பாக்கட்டும். பொருளைப் பாக்குறவன் பக்கத்துல சொந்தக்காரன் நிக்கக் கூடாது சார். பொண்ணு பாக்க வந்தா அப்பன் வெளிய போயி நிக்கிறான்ல, அதுதான் மரியாதை. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

என்னோடது பெல்ஜியம் சாமான். பிரவுனிங் பிஸ்டல். மேல ஒரு தேயிலை எஸ்டேட்டுல இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊரைக் காலி பண்ணிட்டுப் போறப்ப எங்கப்பா வாங்குனது. கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து முறையா வாங்குனாரு. பெருசா நெனைச்சுக்காதீங்க, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூலை முடுக்கு இல்லாம, தேஞ்ச சோப்புக் கட்டி மாதிரி வழவழன்னு இருக்கும். ஒரு தடவை சுட்டா அடுத்த தோட்டாவ அதுவே ஏத்திக்கும். நான் சுட்டதெல்லாம் ரொம்பக் கம்மி. சத்தம் எனக்கு ஆகாது.

அப்பறம் எதுக்கு வச்சிருக்கேங்கிறீங்களா? நல்லா கேட்டீங்க. இந்தச் சாமானோட அருமை சுடுறதுல இல்ல சார். அது பொறந்த மேனிக்கு இருக்கணும், அதுல இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. நம்பர் மூணு எடத்துல இருக்கும். உடம்புல ஒண்ணு, மேல ஓடுற ஸ்லைடுல ஒண்ணு, குழல்ல ஒண்ணு. மூணும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மாறியிருந்தாலும் எவனோ எங்கயோ கை வச்சிருக்கான்னு அர்த்தம். அங்க பெல்ஜியத்துல வெடிச்சுச் சோதிச்சுப் பாத்துட்டு முத்திரை குத்துவாங்க, கிரீடம் மாதிரி பொடிசா இருக்கும், லென்ஸ் வச்சாத்தான் தெரியும். பிடியில கம்பெனி பேரோட ரெண்டு எழுத்து பின்னிக்கிட்டுக் கெடக்கும், அது தேயாம இருக்கணும். எல்லாத்தையும் விட நெறம். கறுப்பும் நீலமும் கலந்த நெறம், நாவப்பழத் தோலு மாதிரி. கம்பெனியில போட்ட நெறம் மங்கிப் போனாலும் அது அதுதான். இங்க என்ன பண்றானுங்க, பழசாத் தெரியுதேன்னு பளபளன்னு குரோமியம் பூசிக் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிர்றானுங்க. அதோட அது செத்துச்சு. அப்பறம் அத எடைக்குத்தான் போடணும்.

விலையா? இதுக்கெல்லாம் விலைன்னு ஒண்ணு கெடையாது சார். வெளிநாட்டுலேருந்து இப்ப வரத்தே இல்ல. இருக்கறதுதான் கைமாறிக் கைமாறி வருது. லைசென்ஸ் வச்சிருக்கறவன்தான் வாங்க முடியும், அவனோட ஆசைதான் விலை. அந்த ஆசையக் கொறைக்கிறது ஒண்ணே ஒண்ணு. துரு. மிளகு அளவு புள்ளி இருந்தாப் போதும், வாங்க வந்தவன் மூஞ்சி சுருங்கிப் போகும்.

அதனால நான் அதை எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில குளிச்சிட்டு, காப்பிகூடக் குடிக்காம, பெட்டியத் தொறப்பேன். தோட்டா அடைக்கிற மேகசின உருவிட்டு, ஸ்லைடை இழுத்து உள்ள தோட்டா இல்லைன்னு பாப்பேன். இல்லைன்னு தெரியும், இருந்தாலும் பாக்கணும். அப்பறம் பழைய பனியன் துணியால தொடச்சு, எண்ணெ. தேங்காண்ணெயத் தொட்டுறாதீங்க, பிசின் மாதிரி இறுகிரும். துப்பாக்கி எண்ணெய், அதுவும் இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு. மருந்து டப்பாவுல ஈரம் உறிஞ்சுறதுக்கு ஒரு பொட்டலம் வருதே, அத மெடிக்கல்ல சொல்லி வச்சு வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டு வப்பேன். போடிச் சாரல் சாதாரணச் சாரல் இல்ல சார். உப்பு டப்பாவுல தண்ணி நிக்கும். அந்த ஊருல இத்தனை காலம் ஒரு புள்ளி விழாம வச்சிருந்தேன். ஒரு புள்ளி.

வெறுங்கையால தொட மாட்டேன். தொட்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது, என் கை காய்ஞ்ச கை. எங்கப்பா கையும் அப்படித்தான். எல்லாருக்கும் அப்படி இருக்காது சார். சில பேரு வேர்வையில உப்பு ஜாஸ்தி. அவங்க இரும்பத் தொட்டா வெரல் பட்ட எடம் அப்படியே சேப்பாப் பூத்துரும்.

எங்கப்பா அதுக்காகவே ஒரு வழக்கம் வச்சிருந்தாரு. சிரிக்காதீங்க. வீட்டுக்குப் புதுசா வர்ற ஆளுக்குக் கை பாப்பாரு. ரேகை ஜோசியம் இல்ல. ஒடைஞ்சுபோன மேகசின் ஒண்ணு இருந்துச்சு, அதே நெறம். அதை எண்ணெ போகத் தொடச்சு ஆளு கையில குடுத்து, கொஞ்ச நேரம் வச்சிருக்கச் சொல்லுவாரு. திருப்பி வாங்கித் தொடைக்காம அலமாரியில வச்சிருவாரு. சாரல் காலம்னா ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும், காஞ்ச கையா, உப்புக் கையா.

என் வீட்டுக்காரி தனபாக்கியம், மறுவீடு முடிஞ்சு வந்த அன்னைக்கு அவளுக்கும் குடுத்தாரு. அவ பாவம், இது ஏதோ எங்க வீட்டுச் சாமி வழக்கம்னு நெனைச்சுக்கிட்டா. ரெண்டு கையும் ஏந்தி, கண்ணை மூடி, பிரசாதம் வாங்குற மாதிரி வாங்கி நெஞ்சுல வச்சுக் கும்பிட்டா. எங்க அக்கா தங்கச்சியெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. ரெண்டு நாள் கழிச்சு அலமாரியத் தொறந்தா அஞ்சு வெரலும் அச்சடிச்ச மாதிரி பூத்து நிக்குது. எங்கப்பா பாத்தாரு. "பொண்ணு நல்ல பொண்ணுதான். கைதான் உப்புக் கை. பெட்டிப் பக்கம் விட்டுறாதடா"ன்னாரு. அவ்வளவுதான், அதுல ஒண்ணும் கோவம் கெடையாது. ஆனா வீட்டுல அது பேராகிப் போச்சு. கொழம்புல உப்புக் கொறைஞ்சா, "நீ கைய உள்ள விட்டு ஒரு கிண்டு கிண்டு"ம்பாங்க. நானும் சொல்லியிருக்கேன். அவளும் கூடச் சேந்து சிரிப்பா. ஒரு வார்த்தை எதுத்துச் சொன்னதில்ல, நல்ல பொம்பள.

அப்பறம் அவளாவே ஒண்ணு பழகிக்கிட்டா. பீரோ கைப்பிடியக்கூட முந்தானையால பிடிச்சுத்தான் தொறப்பா. சாவிக்கொத்துக்குத் துணி சுத்தி வச்சிருப்பா. நான் அதெல்லாம் சொல்லல சார், பிஸ்டலை மட்டும்தான் தொட வேணாம்னேன். ஆயுத பூசைக்கு அருவா, தராசு, ஜீப்பு எல்லாத்துக்கும் அவதான் சந்தனம் குங்குமம் வப்பா. பெட்டிக்கு மட்டும் நான் வப்பேன். அதுவும் பெட்டி மேல.

எங்களுக்கு ஒரே பையன். கிரிதரன். அவன் பத்தாவது படிக்கிறப்ப எங்கப்பா இல்ல, நானே கை பாத்தேன். பாக்காமலே தெரியும். பரீச்சை எழுதுறப்ப பேப்பர் நனைஞ்சிரும்னு கைக்கடியில கர்ச்சீப் போட்டு எழுதுற பய. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அலமாரியத் தொறக்கறப்ப அவனும் பக்கத்துல வந்து நின்னான். பூத்திருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, "அம்மா கைப்பா"ன்னான். "ஆமாடா, அம்மா கைதான்"னேன். அப்பறம் அவன் பெட்டியப் பத்திப் பேசுனதே இல்ல. வெள்ளிக்கிழமை நான் தொடச்சிக்கிட்டு இருப்பேன், அந்தப் பக்கம் போவான் வருவான், எட்டிக்கூடப் பாக்க மாட்டான். எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். பெத்தவன் ஆசையா வச்சிருக்கற பொருள் மேல பிள்ளைக்கு ஒரு பிடிப்பு இருக்க வேணாமா?

மத்தபடி கெட்டிக்காரன். தோட்டம், ஏலக்கா காயவைக்கிற ஸ்டோர், ஆளுக கூலி, எல்லாம் அவன் கையிலதான் இருந்துச்சு. முப்பத்தஞ்சு வயசாகியும் கல்யாணம் தட்டிக்கிட்டே போச்சு, பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம்.

போன வருசம் ஆடியில எனக்கு நெஞ்சு வலி வந்து, இங்க மதுரைக்குத் தூக்கிட்டு வந்து தைச்சாங்க. ஆஸ்பத்திரி, அப்பறம் தங்கச்சி வீட்டுல ஓய்வு, மலைக்காத்து ஆகாதுன்னுட்டாங்க. தனபாக்கியம் என்கூட இருந்தா. பையன் மட்டும் போடியில. எனக்குப் படுக்கை கொள்ளல. சாரல் காலம், பெட்டி மூடியே கெடக்கு. அவன் போன் பண்றப்பல்லாம் சொல்லுவேன், "பெட்டியத் தொட்டுறாத. துருப்பிடிச்சாலும் பரவால்ல, தொட்டுறாத. நான் வந்து பாத்துக்கிறேன்"னு. சரிப்பாம்பான்.

ஐப்பசியில ஊருக்குப் போனோம். மாடிப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஏறுனேன். பெட்டியத் தொறந்தேன். சார், அப்படி ஒரு சுத்தம். எண்ணெ நான் போடற மாதிரியே, இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு. பொட்டலம் புதுசு மாத்தியிருக்கு. மேகசின் உருவித் தனியா இருக்கு. திருப்பிப் பாத்தேன். வலது பக்கம், நம்பருக்குக் கீழ, ஒரு கட்டை வெரலு. முழுசா. சேப்பா.

கூப்பிட்டுக் கேட்டேன். "நான்தாம்ப்பா"ன்னான். வாரா வாரம் தொடச்சானாம். துணி வச்சுத்தான் பிடிச்சானாம். கடைசித் தடவை பெட்டியில வைக்கறப்ப வழுக்கிருச்சாம், கீழ விழாம இன்னொரு கையால பிடிச்சானாம். "அப்பறம் தொடச்சேனேப்பா"ங்கிறான். தொடச்சா மட்டும் போயிருமா? உப்பு சார், உப்பு! நான் சொன்னேன், "விழுந்திருந்தாக்கூடப் பரவால்லடா. உன்னத் தொடாதேன்னு சொன்னேன்ல"ன்னேன். தனபாக்கியம் குறுக்க வந்து ஏதோ சொல்ல வந்தா. ஆஸ்பத்திரியில நான் மயக்கத்துல, பெட்டி, பெட்டின்னு பெனாத்துனேனாம். பையன் வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தானாம். அதனாலதான் செஞ்சானாம். மயக்கத்துல ஆயிரம் பெனாத்துவான் மனுசன், முழிச்சிருக்கறப்ப சொன்னதத்தான கேக்கணும்?

நான் அவன்கூடப் பேசல. அது தப்பா, நீங்க சொல்லுங்க? அடிக்க முடியுமா அந்த வயசுப் பிள்ளைய? தப்புன்னா அதுக்குத் தண்டனைன்னு ஒண்ணு இருக்கணும்ல. அந்தக் கறையை நான் எடுத்திருக்கலாம். புதுசுல அஞ்சு நிமிச வேலை. எண்ணெயில ஊற வச்சுப் பொடி இரும்புப் பஞ்சால லேசாத் தேச்சா வந்துரும். வேணும்னே எடுக்கல. அவன் செஞ்சது அங்க இருக்கட்டும், அவனுக்குத் தெரியட்டும்னு விட்டேன். அவன் காலையில ஜீப்ப எடுக்கறப்ப, "போயிட்டு வர்றேம்ப்பா"ன்னு சொல்லுவான். நான் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்குவேன். மறுநாளும் சொல்லுவான். விடவே மாட்டான். பங்குனி உத்தரத்துக்கு நாங்க எல்லாரும் சேந்து கோயிலுக்குப் போவோம், அன்னைக்குப் பேசிரலாம்னு மனசுக்குள்ள ஒரு முடிவு வச்சிருந்தேன். அவன்ட்ட சொல்லல, அவ்வளவுதான்.

மாசியில ஜீப்பு கவுந்துருச்சு. மலையேறுற மெட்டு ரோட்டுல, காலைப் பனியில. அவன் மட்டும்தான் இருந்தான். சரி, அத விடுங்க.

இல்ல, இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணும் செய்யல. உண்மையச் சொல்றேன், அழுகையே வரல சார். இன்னைக்கு வரைக்கும் வரல. ஆபரேசனுக்கு நரம்பு எடுத்த காலு கொஞ்ச நாள் மரத்துக் கெடந்துச்சு. காலு இருக்கறது கண்ணுக்குத் தெரியுது, கிள்ளுனா தெரியல. அந்த மாதிரிதான் இருக்கு. சோறு திங்கிறேன், தூங்குறேன், ஆளுகளுக்குக் கூலி குடுக்குறேன். வந்தவங்க எல்லாம் என்னப் பாத்துட்டு, ஜக்கையன் கல்லுன்னு பேசிக்கிட்டாங்க. பேசட்டும்.

கருமாதி முடிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியத் தொறந்தேன். வழக்கம்தான, தொறக்கணும்ல. அந்த வெரல் கொஞ்சம் தடிச்சிருந்துச்சு. துரு தூங்காது சார். ராவும் பகலும் தின்னுக்கிட்டே இருக்கும். எண்ணெயையும் பஞ்சையும் எடுத்துட்டு உக்காந்தேன். லென்ஸ் வச்சுப் பாத்தேன். வரி வரியாத் தெரியுது. நடுவுல ஒரு சுழி. ஓரத்துல குறுக்க ஒரு கோடு, சின்னப் பிள்ளையில கவாத்துக் கத்தி பட்டது, நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். பஞ்சைக் கீழ வச்சிட்டேன்.

அப்பறம்தான் வில்லங்கம். அப்படியே விட்டா துரு பரவி வரியெல்லாம் ஒண்ணாக் கலந்து வெறும் கறையாப் போயிரும். தேச்சா மொத்தமாப் போயிரும். யோசிச்சேன். தேன்மெழுகை உருக்கி அந்த எடத்துக்கு மட்டும் மெல்லிசா ஒரு பூச்சுப் பூசுனேன். காத்து படலன்னா துருவுக்குத் தீனி இல்ல, அப்படியே நிக்கும். அதுக்கப்பறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லென்ஸ் வச்சு வரி கலையாம இருக்கான்னு பாப்பேன், மெழுகு தேஞ்சிருந்தா மறுபடி பூசுவேன். துருவ இப்படிப் பாத்துப் பாத்துக் காப்பாத்துறவன் இந்த ஜில்லாவுலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நான் அத அழிக்காம வச்சிருக்கறது தனபாக்கியத்துக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. ஒருநாள் மாடிக்கு வந்து கதவோரம் நின்னா. "அவன் கை இன்னும் அதுல இருக்காமே, நான் பாக்கலாமா?"ன்னா. பாரு, வான்னேன். எங்களுக்குக் கல்யாணமானதுலேருந்து அவ பெட்டி பக்கத்துல வந்து நின்னது அன்னைக்குத்தான். லென்ஸைக் குடுத்தேன். முந்தானையால பிடிச்சு வாங்கிக்கிட்டா. குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தா. அவ்வளவு நேரம் பாக்க என்ன இருக்குன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பறம் மெதுவா முந்தானைய விட்டுட்டு, கட்டை வெரலை நீட்டுனா.

நான் கத்திட்டேன். "தொடாத!"ன்னு. அடிவயித்துலேருந்து வந்துச்சு சார், பழக்கதோசம். வெரலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. "தொடலங்க"ன்னா. "சும்மா பாத்தேங்க"ன்னா. நான் செஞ்சது சரிதான? அவ கை பட்டா என்னாகும், நீங்களே சொல்லுங்க. மெழுகு இருந்தாலும் ஓரத்துல உப்பு எறங்கிருச்சுன்னா? அவன் வரி மேல இவ வரி ஏறிட்டா அப்பறம் ரெண்டும் இல்லாமப் போகுமே. அவளுக்காகவுந்தான் சொன்னேன். அவளுக்குப் புரியல.

மறுநாள் காப்பிய மேசையில வச்சிட்டுச் சொன்னா, "அதைக் குடுத்துருங்க. வெளிய போயிரட்டும்"னா. என்ன திடீர்னுன்னு கேட்டேன். "நீங்க மட்டும் வாரா வாரம் அவனைப் பாக்குறீங்க"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. எதையும் கேக்காத பொம்பள, ஒண்ணு கேட்டிருக்கா, சரின்னு பாய்க்குப் போனைப் போட்டேன். லைசென்சும் புதுப்பிக்கணும், கையும் முன்ன மாதிரி நிக்கல. எனக்கு அப்பறம் யாரு இருக்கா. மறைக்கக் கூடாதுன்னு பாய்ட்ட எல்லாம் சொன்னேன். நம்பர் மூணும் சரி, நெறம் சரி, ஸ்லைடுல வலது பக்கம் ஒரு கறை இருக்கு, அத வாங்கறவருட்ட சொல்லிருங்கன்னு. டாக்டருக்கு அது சம்மதம்னா அப்படியே எடுத்துட்டுப் போகட்டும். மெழுகு பூசுறது எப்படின்னு அவருக்குச் சொல்லிக் குடுக்கணும். நல்ல மனுசனாத் தெரியிறாரு, செய்வாரு. செய்ய மாட்டேன்னா குடுக்கக் கூடாதுன்னுதான் நெனைச்சிக்கிட்டு வந்தேன்.

இருங்க, பாய் வர்றாரு. டாக்டரும் கூட வர்றாரு. என்ன பாய், பாத்துட்டாரா? சந்தோசம். ரொம்பப் பிடிச்சிருச்சா, சந்தோசம் டாக்டர். என்ன? எத எடுத்தாச்சு? குடுங்க. இப்படிக் குடுங்க.

பாத்தீங்களா சார்? நீங்களே பாருங்க. இந்த எடம்தான், நம்பருக்குக் கீழ. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்ல. பாய் என்ன சொல்றாரு கேட்டீங்களா? "நீங்கதானண்ணே கறை இருக்குன்னு போன்ல சொன்னீங்க. சொல்லி விக்கிறதுக்கு எடுத்துட்டே வித்தா உங்களுக்கும் நல்லதுன்னு நம்ம கடை மிஸ்திரிட்ட குடுத்தேன். நீங்க வெளிய பேசிக்கிட்டிருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு கூப்பிடல"ங்கிறாரு. அவரு மேல தப்பு இல்ல. தொழில் தெரிஞ்சவன் அதத்தான் செய்வான். நானா இருந்தாலும் செஞ்சிருப்பேன். சாதாரணமா இத்தனை மாசத் துருவத் தேச்சா வெளுப்பாத் தழும்பு நிக்கும் சார். இதுல அதுகூட இல்ல. ஏன்னா அது ஆழமா எறங்கவே இல்ல. நான் மெழுகு பூசி நிறுத்தி வச்சிருந்தேன்ல. அதான் துடைச்ச மாதிரி வந்துருச்சு. என் வேலைதான்.

நல்லாத் தேச்சிருக்காரு மிஸ்திரி. நல்ல வேலை.

இல்ல டாக்டர், குடுக்கல. மன்னிச்சிக்கங்க, உங்களைத் தென்காசியிலேருந்து வர வச்சிட்டேன். இல்ல பாய், விலைக்காக இல்ல. நீங்க எவ்வளவு சொன்னாலும் இல்ல. ஒரு துணி இருந்தாக் குடுங்க. கொஞ்சம் பெட்ரோலும்.

ஆமா சார், எண்ணெயத்தான் எடுக்குறேன். மிஸ்திரி நல்லாத் தடவியிருக்காரு, போக மாட்டேங்குது. நான் சொன்னதெல்லாம் சரிதான், உங்க துப்பாக்கிக்கு நீங்க அப்படியே செய்யுங்க. இது எண்ணெ இல்லாம இருக்கட்டும். எழுபது தாண்டுனவன் உயிரோட இருக்கறப்பவே வாரிசு பேருக்கு லைசென்ஸை மாத்தலாம் சார், சட்டத்துல எடம் இருக்கு. தனபாக்கியம் பேருக்கு எழுதிக் குடுக்கப் போறேன். உனக்கு எதுக்கும்மா துப்பாக்கின்னு கேப்பாங்க. அவ என்ன சொல்லுவாளோ தெரியாது. வீட்டுல எடுத்து அவ கையில குடுத்துட்டு, அந்த எடத்துல வெரலை வைன்னு சொல்லணும். அதே உப்புதான சார், அவகிட்டேருந்து வந்ததுதான. வரி வேற வரிதான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் அந்த எடம் சும்மா இருக்காதுல்ல.

ஒரு நிமிசம், அவதான் போன்ல.

ஆமா, நான்தான். இல்ல, விக்கல. கொண்டாறேன். ம்... இருக்கு. இருக்குன்னு சொல்றேன்ல. அங்க மழை பெய்யுதா? பெய்யுதா. சரி. வந்து சொல்றேன்.

அவன் வெரல் அதுல இருக்கான்னு கேட்டா சார். இருக்குன்னுட்டேன். வேற என்ன சொல்ல. ஆனா வீட்டுக்குப் போயி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அவ கையப் பிடிச்சு நான் எதையும் குடுத்ததில்ல. காப்பியக்கூட அவ மேசையில வப்பா, நான் எடுத்துக்குவேன். அப்படியே பழகிப் போச்சு. அவ கை எப்படி இருக்கும்னு இப்ப யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது.